நாலுக்கு முன்னால் இருந்த இடைவெளி

மோட்டார் சைக்கிள் எப்போதும்போலப் பின்பக்கம் தெருவைப் பார்க்க நின்றிருந்தது. சனிக்கிழமை காலை. ரீனா தெருவோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து, இரும்பு ஸ்கேலை நம்பர் தகட்டின் மேல் வைத்தாள். பக்கத்தில் முக்காலியில் அவள் அப்பா ஸ்தனிஸ்லாஸ். மடியில் பரீட்சை அட்டை, அதில் வெள்ளைத் தாள், கையில் பேனா. மகள் அளந்து சொல்லச் சொல்ல அவர் எழுத வேண்டும்.

"நம்பரோட உயரம் நாப்பது மில்லி. சரியா இருக்கு."

"ம்."

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல அஞ்சு. மூணுக்கும் ஆறுக்கும் நடுவுல அஞ்சு."

"அஞ்சு. அஞ்சு."

"ஆறுக்கும் நாலுக்கும் நடுவுல..." ஸ்கேலை நகர்த்தி வைத்தாள். அளக்காமலே அவளுக்குத் தெரியும். "அம்பத்தெட்டு."

எழுதினார். அடியில் ஒரு கோடு போட்டார். "எம்புட்டு இருக்கணும்?"

"அஞ்சுதாம்ப்பா."

அதற்குக் கோடு போடவில்லை.

மேல் வரிசையில் டி.என். 57. கீழ் வரிசையில் 2364. ஆனால் 236 மட்டும் இடது பக்கம் நெருக்கியடித்து நிற்கும். நாலு, வலது ஓரத்தில் தன்னந்தனியாக நிற்கும். வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டது. வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தகட்டோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விதிப்படி ஒன்று எழுதி மாட்ட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

உள்ளே ரீனாவின் செல்போன் அடித்தது. அவள் கையில் கிரீஸ்.

"எடுத்துட்டு வாங்கப்பா."

அவர் எடுத்து வந்தார். வரும்போதே கண்ணாடியை மூக்கில் ஏற்றி நம்பரைப் பார்த்தார். பார்த்துவிட்டு நீட்டினார். அவளும் பார்த்தாள். துண்டித்தாள்.

"கம்பெனியிலேர்ந்து. அப்பறம் பேசிக்கிறேன்."

"சனிக்கிழமையுமா?"

"ஆமாப்பா."

அவர் முக்காலியில் உட்கார்ந்து தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "செத்த நேரம் நிழல்ல உக்காரு, காப்பி போடுறேன்" என்றார்.

கூப்பிட்டது கம்பெனி இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன அண்ணன் பிரின்ஸ். திருப்பூரில் ஒரு பட்டறையில் நிட்டிங் மெஷின் மெக்கானிக். ஆறு வருடமாக, ரீனாவின் பிறந்தநாளை ஒட்டி வருடத்துக்கு ஒரு தடவை பட்டறை போனிலிருந்து கூப்பிடுவான். இரண்டு நிமிடம் பேசுவான். "அப்பாகிட்ட சொல்லாத" என்பான். அவளும் சொன்னதில்லை. சொன்னால் அப்பா அன்றைக்கே பஸ் ஏறிவிடுவார். போய் அவன் முன்னால் நின்று, "ஏன் மேல் பட்டன் போடல?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். அதுவும் அவளுக்குத் தெரியும்.

ஸ்தனிஸ்லாஸ் முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர். எதுவும் கோணலாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. சுவரில் படம் சாய்ந்திருந்தால் அடுத்தவர் வீடாக இருந்தாலும் எழுந்துபோய் நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். பிரின்ஸ் இடது கைக்காரன். ஒன்றாம் வகுப்பிலேயே பென்சிலை வலது கைக்கு மாற்றிவிட்டார். தலைமுடி, செருப்பு, கையெழுத்து என்று மகனை ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டே வந்தார். மனைவி சகாயராணி இருந்தவரை, "விடுங்க, அவன் என்ன ரிஜிஸ்டரா" என்று சொல்ல ஆள் இருந்தது. தொண்ணூற்றொன்றில் அவளும் இறந்துவிட்டாள்.

இடது காலை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. பந்தை இடது காலால்தான் உதைப்பான். பங்குக் கோயில் கால்பந்து அணியில் அவன் பனியன் நம்பர் நாலு. கூட்டாளிகள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். "ஏலே நாலு" என்றால் திரும்புவான். தொண்ணூற்று நாலில் இந்தக் கறுப்பு ஆர்.எக்ஸ். வண்டி வந்தது. பள்ளிக்கூட சொசைட்டி லோன் என்பதால் அப்பா பேரில் எடுத்தார்கள். தவணை முழுவதும் லேத் பட்டறைச் சம்பளத்தில் பிரின்ஸ்தான் கட்டினான். நம்பரில் நாலு இருந்தது. அதைப் பனியன் முதுகில் இருப்பதுபோலத் தனியாக நிறுத்தச் சொல்லி எழுதி வாங்கினான். கடைத்தெருவில் அவன் போனால், முகம் பார்க்க வேண்டாம், பின்னாலிருந்து பார்த்தே சொல்லிவிடலாம்.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் அணி மணப்பாறைக்கு ஆடப் போயிருந்தது. இரண்டு நாள். வண்டி வீட்டில் நின்றது. ஸ்தனிஸ்லாஸ் தகட்டைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, பெயின்டர் சூசைராஜ் கடைக்குப் போனார். விதிப்படி எழுதச் சொன்னார். மகனுக்கு ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தார். அதில் சந்தேகம் இல்லை. மாட்டியபின் துணியால் துடைத்தும் வைத்தார்.

பிரின்ஸ் ஞாயிறு சாயங்காலம் வந்தான். முட்டியில் சிராய்ப்பு. வண்டியின் பின்னால் குனிந்து தகட்டைப் பார்த்தான்.

"யாரு மாத்துனது?"

"நாந்தான். சரியானது சரியா இருக்கணும்ல."

"இது என் வண்டிப்பா."

"ஆர்.சி. என் பேர்ல இருக்கு."

பிரின்ஸ் சாவியை ஆணியில் மாட்டினான். மறுநாள் விடியற்காலை பனியன் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

"மூணு நாள்ல வந்துருவான்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். மூன்று நாள் ஆயிற்று. ஈஸ்டர் ஆயிற்று. பள்ளிக்கூடம் திறந்து அட்மிஷனும் முடிந்தது. அப்புறம் ஒருநாள் அவரே தகட்டைக் கழற்றினார். "பழையபடி எழுதிரு" என்று சூசைராஜிடம் கொடுத்தார். எவ்வளவு இடம் விட்டிருந்தோம் என்பது சூசைராஜுக்கு நினைவில்லை. கோப்பையோடு அணி எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்றில் வண்டியின் பின்பக்கம் விழுந்திருந்தது. ரீனா அப்போது பாலிடெக்னிக்கில் படித்தாள். தகட்டின் அகலம் இருநூறு மில்லி என்று வைத்து, போட்டோவை அளந்து, விகிதம் போட்டுச் சொன்னாள். ஐம்பத்தெட்டு. அவள் படிப்பு வீட்டுக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.

தகடு பழையபடி ஆனதும் வேறொரு சிக்கல். வண்டி வீட்டுக்குள் நின்றால் தகட்டை யார் பார்ப்பது? ஐம்பத்திரண்டு வயதில் ஸ்தனிஸ்லாஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகினார். கோயில் மைதானத்தில், பையன்கள் ஆடி முடித்துப் போனபின் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்று தடவை விழுந்தார். லைசென்ஸ் எடுத்தார். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஒருநாளும் போனதில்லை. "ரேஸ் வண்டிய பால் வண்டி ஆக்கிட்டீங்களே சார்" என்று பழைய மாணவர்கள் கேலி பேசுவார்கள். தலையை ஆட்டிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் கிளம்புவார். எரியோடு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு. எந்த ஊரில் கால்பந்து நடந்தாலும் போவார். ஆட்டம் அவருக்குப் புரியாது. யார் ஜெயித்தது என்று கேட்டாலும் சொல்லத் தெரியாது. வண்டியை, பின்பக்கம் கூட்டத்தைப் பார்க்க நிறுத்துவார். ஒரு டீ வாங்கிக்கொண்டு எட்ட நிற்பார். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்து கடைசி ஆளும் போனபின் வண்டியை எடுப்பார். மற்ற நாட்களில் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு. திருச்சி பஸ், கோவை பஸ் வெளியே வரும் வாசலுக்கு எதிரே, அதேபோல நிறுத்தி அரை மணி நேரம்.

சிவப்பு விளக்கு எரிந்தால் ஆளில்லாத ரோட்டிலும் நிற்கிற மனிதர். அவர் மீறிய விதி இந்தத் தகடு ஒன்றுதான். போலீஸ் பிடித்தது. நிலக்கோட்டை ரோட்டில் நடந்ததை அவரே ஒருமுறை ரீனாவிடம் சொன்னார்.

"என்ன பெரியவரே, வயசுப் பசங்க மாதிரி எழுதி வச்சிருக்கீங்க?"

"தப்புதான் சார்."

"மாத்திருவீங்கள்ல?"

"மாத்த மாட்டேன் சார். ரசீது போட்டுக் குடுங்க."

ரீனாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. மாதம் ஒருமுறை ஊருக்கு வருவாள். இரண்டாயிரத்து மூன்றில் அவர் ஓய்வு பெற்றார். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் கழுவிக் கவிழ்த்திருக்கும். ராத்திரிக்கும் மத்தியானத்துச் சோறு வெஞ்சனத்தையே வைத்துக்கொள்வார். "ஓசூருக்கு வந்துருங்கப்பா" என்று கூப்பிடுவாள். "இங்க வண்டி இருக்குல்ல" என்பார். வண்டியை அங்கே கொண்டுவரலாம் என்று அவளும் சொன்னதில்லை. ஓசூர் ரோட்டில் அந்தத் தகட்டைத் தேடி யாரும் வரப்போவதில்லை.

இத்தனையும் தெரிந்துகொண்டுதான் அந்தச் சனிக்கிழமை கம்பெனி என்று சொன்னாள். ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறினாள். அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"தாளை சூசைராஜ்கிட்ட நாளைக்கே குடுத்துருங்கப்பா. வியாழக்கிழமைக்குள்ள மாட்டணும்."

"குடுத்துருவேன். நீ சாப்டு."

புதன்கிழமை காலைப் பூசைக்கு அவர் வரவில்லை. எதிர்வீட்டு செபாஸ்தியம்மாள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆள் கூப்பிட்டாள். தூக்கத்திலேயே போயிருந்தார். ரீனா ஓசூரிலிருந்து வந்துசேரச் சாயங்காலம் ஆனது. வழியில் பஸ்ஸிலிருந்து பட்டறைக்குப் போன் செய்தாள். பிரின்ஸை லைனில் கூப்பிட்டுச் சொன்னாள். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"வாரேன்" என்றான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அடக்கம். ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்திருந்த நேரமும் அதுதான். பன்னிரண்டு வரை தள்ளிப்போட்டுப் பார்த்தார்கள். அவன் வரவில்லை. பிறகு கூப்பிட்டபோது போனை யாரும் எடுக்கவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்து, அவள் சூசைராஜ் கடைக்குப் போனாள். அவன் எழுந்து நின்றான். செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த தகட்டை எடுத்துக் கொடுத்தான். பிரித்துப் பார்த்தாள். 2364. நாலும் மற்ற மூன்றோடு சேர்ந்து நின்றது. அஞ்சு மில்லி. ஸ்கேல் தேவைப்படவில்லை.

"செவ்வாய்க்கிழமையே ரெடி தங்கச்சி. சாயங்காலம் கிளார்க் சார் வந்தாரு. கையில வாங்கிப் பாத்தாரு. சுத்தமா இருக்குன்னாரு. திருப்பிக் குடுத்துட்டாரு."

"ஏண்ணே?"

"நாளைக்கி ஒரு இடம் போறேன், பழைய தகட்டோடதான் போகணும், வந்து மாட்டிக்கிறேன்னாரு."

"எங்கன்னு சொன்னாரா?"

"சொல்லல. தாராபுரம் வழியா திருப்பூருக்கு எம்புட்டு நேரம் ஆகும்னு கேட்டாரு. பஸ்லயா, வண்டியிலயான்னேன். வண்டின்னாரு. ஒங்க ஓட்டத்துக்கு இன்னைக்கே கெளம்புனாத்தான் சார் நாளைக்குப் போய்ச் சேரலாம்னேன். சிரிச்சாரு." சூசைராஜ் பிரஷ்ஷை டப்பாவில் போட்டான். "அவரு சிரிச்சு நான் பாத்ததில்ல."

ரீனா தகட்டை மறுபடி தாளில் சுற்றினாள். பள்ளிக்கூட ஆபீசில் எஸ்.டி.டி. போன் அவர் மேஜையில்தான் இருந்தது. எந்த ஊருக்கு எந்தக் கோடு என்று டைரக்டரி பார்க்காமல் சொல்லுவார். ஓசூருக்கு 04344. செல்போனில் அன்று வந்தது 0421, திருப்பூர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தவர் அதைப் படித்திருப்பார். படித்துவிட்டு, சனிக்கிழமையுமா என்று கேட்டார். அவள் ஆமாப்பா என்றாள். அதற்கு மேல் கேட்காமல் காப்பி போடப் போனார்.

வீட்டுக்கு வந்தாள். அடக்க நாளில் கூட்டத்துக்கு நடுவே வண்டியை யாரும் கவனிக்கவில்லை, அவளும்தான். இப்போது பார்த்தாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அது திரும்பி நின்றது. முன் சக்கரம் தெருவைப் பார்த்தபடி, ஏறி உட்கார்ந்து உதைத்தால் நேரே கிளம்பிவிடலாம் என்பதுபோல. தகடு வீட்டைப் பார்த்திருந்தது. துடைத்து வைத்திருந்தார்.

டயரை அழுத்திப் பார்த்தாள். இரண்டிலும் காற்று அடித்திருந்தது. பெட்ரோல் மூடியைத் திறந்தாள். ஊற்றி வைத்தால் ஆவியாகிவிடும் என்று எப்போதும் ஒரு லிட்டர் மட்டும் போடுகிறவர். டேங்க் கழுத்து வரை நிரம்பியிருந்தது.

மூடினாள். புதுத் தகட்டைத் தாளோடு சீட்டின் மேல் வைத்தாள்.