ஆணி பிடுங்கிய பலகை

வாயில்லாப் பூச்சி என்றுதான் அவளைப் பிறந்த வீட்டிலும் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், பதினெட்டு வயதில் கட்டட வேலைக்குச் சித்தாளாக வந்தாள். சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துப் படியேறினால் காலடிச் சத்தமே கேட்காது. அதனால் வேலையிடத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். வாய் பேசாததற்கும் சேர்த்து அவள் கண் வேலை செய்தது. எந்தச் சாரத்தில் கயிறு நைந்திருக்கிறது, எந்த மாடி ஓரத்தில் தடுப்பு இல்லை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டாள். தான் மட்டும் ஒதுங்கிப் போய்விடுவாள்.

தளத்தில் பலகை கிடக்கக் கண்டால், மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, வேறொரு கட்டடம். குழாய் இறக்குவதற்காகத் தளத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விட்டிருந்தார்கள். யாரும் விழுந்துவிடக் கூடாதே என்று அதன் மேல் பலகை போட்டு மூடினார்கள். ஆணி மட்டும் அடிக்கவில்லை. எப்போதும் விசிலடித்துக்கொண்டே வேலை செய்யும் தச்சர் ஒருவர், சும்மா கிடக்கிற பலகைதானே என்று அதை நிமிர்த்தி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். பலகை அகலமானது. அது மறைத்ததில் கால் வைக்கும் இடம் அவருக்குத் தெரியவில்லை. ஓரடி எடுத்து வைத்தார். விசில் நின்றது.

ஆணி இல்லாததை அன்று காலையிலேயே அவள் பார்த்திருந்தாள். பார்த்தும் சொல்லவில்லை. அதைக் கணவரிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

கணவரும் தச்சர்தான். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடைக்கும் வேலை. இப்போது இருவருக்கும் ஒரே கட்டடம். நான்காம் மாடி மூலையறையில் அதே மாதிரி ஓட்டை, அதே மாதிரி பலகை. தினமும் ஏறி இறங்கும்போது அதன் நான்கு ஆணிகளையும் எண்ணிவிட்டுத்தான் நகர்வாள்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து ஏறியபோது ஆணிகள் இல்லை. நான்கு துளைகள் மட்டும் இருந்தன. யாரோ பலகையை எடுத்துப் போகலாம் என்று ஆணியைப் பிடுங்கிவிட்டு, பாதியில் சாப்பிடப் போயிருக்கிறார்கள்.

அவள் நேரே மேஸ்திரியிடம் இறங்கிப் போனாள்.

"அண்ணே... அந்த மூலை ரூம்ல பலகை..."

"என்ன பூனை, மியாவ்ங்குற? சத்தமா சொல்லு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆணி இல்லண்ணே" என்றாள், தரையைப் பார்த்தபடி.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்! சாயங்காலம் அடிச்சுக்கலாம். மேல ஆளுங்க சாந்துக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க, சட்டிய எடும்மா."

எடுத்தாள். மூன்றாவது மாடி திரும்பும்போது கீழேயிருந்து மேஸ்திரியின் குரல் கேட்டது.

"யோவ் மச்சான்! ரெண்டு பலகை குறையுது. அங்க எது சும்மா கெடக்குதோ எடுத்துட்டு வாய்யா!"

மேலேயிருந்து, "இந்தா வர்றேன்" என்று பதில் வந்தது. அது அவள் கணவரின் குரல்.

மிச்சப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. சட்டியை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை. மூலையறை வாசலை அடைந்தபோது அவர் குனிந்து பலகையின் விளிம்பில் விரலை நுழைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. விளிம்பு ஒரு சாண் உயர்ந்தது.

சட்டியை அப்படியே வீசினாள். சாந்து முழுக்கப் பலகை மேல் கொட்டியது. இரும்புச் சட்டி சுவரில் மோதி உருண்ட சத்தத்தில் அவர் கையை உதறிக்கொண்டு பின்னால் துள்ளினார்.

"அடியேய்! பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். விரலை மட்டும் நீட்டினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே பலகையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். முணுமுணுப்பு நின்றது. நான்கு மாடிக்குக் கீழே, சின்னச் சதுரமாக வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கம்பிகள் நட்டுக்கொண்டு நின்றன. அவர் மெல்லப் பின்வாங்கி, அவள் பக்கத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மேஸ்திரி மூச்சிரைக்க ஏறி வந்தார். "யாரு சாந்தைக் கொட்டுனது? பேயக் கண்டியா பூனை?"

"பேயில்லண்ணே. கம்பி" என்றாள். இந்த முறை குரல் வந்தது. "குனிஞ்சு பாருங்க."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். பிறகு யாரையும் ஏவாமல் தானே போய் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தார்.

பின்னாலேயே வந்த சித்தாள் ஒருத்தி, ஊர்க் கதையெல்லாம் ஒலிபரப்புவதால் ரேடியோ அக்கா என்று பெயரெடுத்தவள், "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு! பூனைக்கும் வாய் இருக்குடியம்மா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பெயிண்டரிடம் சிவப்புச் சாயம் வாங்கி, அவளே பலகை மேல் எழுதினாள். 'கீழே ஓட்டை. எடுக்காதே.' எழுத்து கோணல்மாணலாக வந்தது. ஆனால் படிக்க முடிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் பாயைத் தூக்கக் குனிந்த கணவர், முதலில் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் அந்த விசிலடிக்கும் தச்சரின் கதையை அவள் முழுதாகச் சொன்னாள். தனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மேஸ்திரி சுத்தியலை அவளிடம் நீட்டினார். "மேல வரைக்கும் ஒரு நடை பாத்துட்டு வாம்மா. நீ வந்து சொன்னப்புறம்தான் சட்டி எடுக்கணும்."

ஆளில்லாத கட்டடத்தில் தனியாக ஏறினாள். ஒவ்வொரு பலகையாகக் குந்தி, தட்டி, ஆணிகளை எண்ணினாள். மூன்றாம் மாடியில் ஒரு பலகை அசைந்தது.

அவள் எழுந்து, கீழே எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்.