வளைவு தெரியாத கால்கள்

கல்லூரி மைதானத்தில் கான்கிரீட் கொட்டி வண்டி நிறுத்துமிடம் ஆக்கியவர்கள், விளையாட்டு மாஸ்டரை வீட்டுக்கு அனுப்ப மட்டும் மறந்துவிட்டார்கள். அவரும் சும்மா இருக்க மாட்டாமல், வகுப்பறைகளுக்கு முன்னால் இருந்த நீண்ட நடைபாதையிலேயே பிள்ளைகளை ஓடவிட்டுப் பழக்கினார். வளைவில் எப்படி ஓடுவது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். தரையில் நீச்சல் கற்றுக்கொடுத்த கதைதான். மனுஷன் வேறென்ன செய்வார்?

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில், இருநூறு மீட்டர் ஓட்டம் வளைவில்தான் தொடங்கியது. துப்பாக்கி வெடித்ததும் அவருடைய மாணவி அம்பாகப் பாய்ந்தாள். அம்பு எங்கே வளையும்? நேராக அடுத்தவள் பாதைக்குள் புகுந்துவிட்டாள். நடுவர் கொடியைத் தூக்கிவிட்டார்.

"கால் தானா நேராப் போயிடுச்சு சார்," என்று தேம்பினாள்.

மறுநாள் முதல்வர் கூப்பிட்டுக் கடிந்தார். "மானத்த வாங்கிட்டாளே மாஸ்டர்! கோடு போட்டிருக்கறதுகூடவா கண்ணுக்குத் தெரியல?"

மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பழைய ஓடுபாதை வளைந்து திரும்பிய இடத்தில், வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே முதல்வரின் கார் கச்சிதமாக நின்றது.

"நான் சொல்லிக்குடுத்தது பத்தல சார்," என்றார்.