கடைசிக் காட்சியில் எழுந்து போனவர்கள்

மரக்காணத்தில் எங்கள் ஊர் நாடகக் குழுவுக்கு என்னை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் புள்ளிவிவரம் பார்க்கிற வேலை எனக்கு. அந்தக் கொழுப்பில், எந்தக் காட்சி ஓடும், எது ஓடாது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்று குழுவை நடத்தும் வாத்தியாரிடம் நானாகவே போய் நின்றேன்.

அந்தக் கோடை முழுக்க உப்பளக் காலனிகளில் நாடகம். ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடியும். ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணி எக்செல்லில் ஏற்றினேன். பாட்டு உண்டா, சண்டை உண்டா, சிரிப்பு உண்டா என்று எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான். கடைசிக் காட்சியில் கூட்டம் பாதியாகிவிடுகிறது. வெளிநாட்டில் செத்த மகனின் உடலுக்காக ஒரு தாய் காத்திருக்கும் காட்சி அது. தாயாகப் புடவை கட்டி நடித்தவர் உப்பு வாருகிற தொழிலாளி, எங்கள் தெருக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர். நாடகத்தில் அவருக்கு இருந்தது அந்த ஒரு காட்சிதான்.

வாத்தியாரிடம் செல்போனில் கிராஃபைக் காட்டி, "இத தூக்கிட்டா போதும் சார்" என்றேன். மாமாவும் அங்கேதான் இருந்தார்.

"படிச்ச பொண்ணு கணக்கு போட்டு சொல்லுது. சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, புடவையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அதன்பிறகு நாடகம் ஒன்பதுக்கே முடிந்தது. கூட்டம் கடைசிவரை நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி மழையில் உப்பளங்கள் மூடின. மழை விட்ட ஒரு சாயங்காலம் எங்கள் காலனியிலேயே நாடகம் போட்டோம். முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"அந்த அம்மா சீன் எங்கப்பா? இன்னிக்காவது முழுசா பாக்கலாம்னு வந்தோம்" என்றாள் ஒருத்தி.

வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். "வெயில் ஏறங்காட்டியும் உப்பு வாரணும்னா மூணு மணிக்கு அளத்துல நிக்கணும். ஒம்போதுக்கு வந்து படுக்கலன்னா எப்பிடிடி முடியும்? புடிக்காமலா எழுந்து வந்தோம்? அம்மாவா நடிச்ச அந்த ஆளு தூங்காமயே அளத்துக்கு வந்துகினு இருந்தாரு. எழுதினவன் ஏட்டக் கெடுத்தான், படிச்சவன் பாட்டக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க."

விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா இருட்டில் அளத்துக்குக் கிளம்புவதைப் பார்த்தவள் நான். அந்தக் கூலியில்தான் புள்ளியியல் படித்தேன். காட்சிக்கெல்லாம் நம்பர் போட்டேனே தவிர, அப்போது மணி என்ன என்று எழுதத் தோன்றவில்லை. சீ என்று ஆகிவிட்டது.

மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னை உட்காரச் சொன்னார். தப்பு என்னுடையதுதான், திரும்பவும் நடிக்க வாருங்கள் என்றேன்.

"விடியறதுக்குள்ள அளத்துக்குப் போகணும்னுதான் எழுந்துக்கறாங்கன்னு நானும் நெனச்சிகினு இருந்தேம்மா. உன் கணக்க பாத்தப்புறம், நம்ம நடிப்புதான் புடிக்கல போலன்னு ஆயிடுச்சு."

கை கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"அத விடு. எல்லா ஊர்லயும் கடசி வரைக்கும் இருந்தது நீ ஒருத்திதான். நீ சொல்லு, நான் எப்பிடி நடிச்சேன்?"

எல்லா ஊரிலும் அந்தக் காட்சி முழுக்க நான் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.