கைபடாத நன்றி

ஃபாத்திஹ் ஸெர்தூமி உலகத்துக்கு ஒரு சேவை செய்துகொண்டிருந்தான். உலகம் அதைக் கேட்கவில்லை. கேட்டுச் செய்தால் அது வேலை, கேட்காமல் செய்தால்தான் சேவை என்பது அவன் கட்சி.

அன்னாபா நகராட்சி அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருந்தான். பிரிண்டர் ஓடவில்லை என்று யாராவது வந்து சொன்னால், கூடவே போய்ப் பார்த்து, ஆமாம் ஓடவில்லை என்று உறுதிசெய்துவிட்டு வருவான். மலைமேல் இருந்த அவன் ஊரில் முதல் பட்டதாரி அவன்தான். பட்டத்தை அவன் அம்மா ஸோஹ்ரா சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். படித்தவனுக்குப் பட்டம் சுவரில் தொங்கினால் சரி, இவனுக்கு அது நெற்றியில் தொங்கியது. எதிரில் இருப்பவன் வாயைத் திறக்குமுன்பே 'உனக்கு இதெல்லாம் புரியாது' என்கிற சிரிப்பு ஒன்று வந்துவிடும்.

சேவை என்னவென்றால், மக்னீன் குருவி. உள்ளங்கையில் அடங்கும் குருவி அது. முகத்தில் சிவப்பு, சிறகில் மஞ்சள் கோடு. அன்னாபா ஆண்பிள்ளைகளுக்குக் கட்டிய பெண்டாட்டி காய்ச்சலில் கிடந்தாலும் தெரியாது. குருவி ஒரு ராகம் குறைத்துப் பாடினால் வைத்தியரைத் தேடி ஓடுவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் காபிக் கடைகளில் மனிதர்களுக்கு இடம் இருக்காது, சுவர் முழுக்கக் கூண்டுகள் தொங்கும். இவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பழைய மன்றம் இருந்தது. அவரவர் குருவி பாடியதைப் பதிவு செய்து அங்கே போடுவார்கள், கூடவே நாலு பக்கத்துக்கு அதன் அருமை பெருமைகளையும் எழுதுவார்கள்.

ஃபாத்திஹ் செய்தது, அந்த மன்றத்தில் என்ன விழுந்தாலும் ஒரு நிமிடத்துக்குள் அள்ளி வேறோர் இடத்தில் ஒட்டுகிற பாட் என்னும் தானியங்கி நிரல் ஒன்றை ஓட்டியது. அந்த வேறோர் இடம், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சமூக வலை. முதலாளி கிடையாது. ஆயிரம் பேர் ஆயிரம் சர்வர் வைத்துக்கொண்டு, சன்னல் வழியே பேசிக்கொள்ளும் வீடுகள்போல இணைத்திருந்தார்கள். அதில் இவனும் ஒரு வீடு கட்டி, 'வட ஆப்பிரிக்கப் பறவை ஒலிகளின் காப்பாளர்' என்று தனக்குத் தானே பட்டமும் கொடுத்துக்கொண்டான். பின்தொடர்கிறவர்கள் நிறைய இருந்தார்கள், முக்கால்வாசி அவர்களும் பாட்கள். ஒரு எந்திரம் ஒட்ட, இன்னொரு எந்திரம் அதைத் தூக்கிக்கொண்டு போக, காப்பாளர் மட்டும் எண்ணிக்கை பார்த்துக் குளிர்ந்துகொண்டிருந்தார்.

ஒரு பதிவைக்கூட அவன் காதில் போட்டுக் கேட்டதில்லை. "கூண்டுக்குள்ள ஒரு பஞ்சுருண்டை தும்முது, அத நாலு கிழவனுங்க சுத்தி நின்னு கேக்குறானுங்க" என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பான்.

சேவைக்கு ஒரே ஒரு இடைஞ்சல் இருந்தது. அந்த மன்றத்தில் பாட்டு சும்மா கிடைக்காது. ஒலிக்கோப்பு எதை ஏற்றினாலும் மன்றம் அதைத் திரைபோட்டு மறைத்துவிடும். கீழே நன்றி சொல்லி நாலு வார்த்தை எழுதினால்தான் திரை விலகும். அரபு மன்றங்களின் பழைய வழக்கம் இது. எழுதியவனுக்கு மரியாதை, படிக்கிறவனுக்கு வரி. ஃபாத்திஹ் அந்த வரியை பாட் தலையில் கட்டினான். ஏழு வாக்கியம் எழுதிக் கொடுத்தான். 'அருமை! உங்கள் கைகளுக்குப் பரக்கத் உண்டாகட்டும்!', 'தலைசிறந்த படைப்பு, அடுத்ததை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்!' இப்படி. பாட் மாற்றி மாற்றி, அவன் சொந்தப் பெயரிலேயே, பகலென்றும் விடியலென்றும் பாராமல் நன்றி சொன்னது.

அந்த நன்றியில் ஒருவர் மயங்கிப்போனார். ஹாஜ் தையிப் பூஹ்லாசா. இரும்பாலையிலிருந்து ஓய்வுபெற்றவர். குருவி பாடுவதையும், பாடாமல் இருந்ததையும், ஏன் பாடவில்லை என்ற தம் ஐயத்தையும் தினமும் எழுதுவார். அவருடைய நீளத்துக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். ஒதுங்காதவன் ஃபாத்திஹ் ஒருவன்தான், அதாவது அவனுடைய பாட்.

அவர் மகள் வஸீலா, ஃபாத்திஹின் அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் சன்னலில் இருந்தாள். அவளைப் பார்த்து அவன் அம்மாவைப் பெண் கேட்க அனுப்பினான். ஹாஜ் ஏற்கெனவே ஒரு மருந்துக்கடைக்காரனையும் ஒரு வாத்தியாரையும் திருப்பி அனுப்பியவர். இந்தப் பெயரைக் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"எந்த ஸெர்தூமி? மன்றத்துல எழுதுவானே, அந்தப் பையனா? விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்கு முன்னாடி நான் போட்டதுக்கும் நன்றி சொல்ற பையன்! பெத்த பிள்ளைங்க கேக்காததக் காது குடுத்துக் கேக்குறவன். அவனுக்கு இல்லாத பொண்ணா?"

ஸோஹ்ரா வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தாள். ஃபாத்திஹ் மறுக்கவில்லை. தன் பண்பை ஊர் கொஞ்சம் தாமதமாகக் கண்டுகொண்டது என்றுதான் நினைத்தான். குர்ஆனின் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் ஆயிற்று. மோதிரமும் துணியும் அத்தரும் ஒரு கூடையில் போயின. கோடை முடிவில் கல்யாணம்.

கோடை பாதியில் ஹாஜின் அண்ணன் சாலிஹ், கெல்மா என்ற ஊரில், இறந்துபோனார். ஹாஜுக்கு முதல் குருவியைக் கையில் வைத்துக் கொடுத்தவர் அவர். ஹாஜ் துக்கத்தை எங்கே போய்ச் சொல்வார்? மன்றத்தில் எழுதினார். அண்ணன் குருவியோடு சேர்ந்து சீட்டியடித்த பழைய பதிவு ஒன்றையும் இணைத்தார். ஒலிக்கோப்பைப் பார்த்ததும் மன்றம் வழக்கம்போலத் திரை போட்டது. திரையைப் பார்த்ததும் பாட் வழக்கம்போல வரி கட்டியது.

மறுநாள் காலை வஸீலா தன் சன்னலை மூடிவிட்டு, வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்க, ஃபாத்திஹின் மேசைக்கு வந்து போனை நீட்டினாள்.

"படி."

"என்ன?"

"சத்தமாப் படி."

அவன் படித்தான். "என் அண்ணன் சாலிஹ் இன்று காலை இறைவனிடம் சேர்ந்தார்..." நிறுத்தினான். அதற்குக் கீழே அவன் பெயர் இருந்தது.

"ஏன் நிறுத்திட்ட? நீ எழுதினத நான் படிக்கட்டுமா? 'தலைசிறந்த படைப்பு, அடுத்ததை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்.' அடுத்தது யாரு ஃபாத்திஹ்? எங்கப்பாவா?"

ஃபாத்திஹுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அதற்கு அவனை மன்னிக்கலாம், ஏனென்றால் அடுத்து வந்தது அதைவிடக் கேவலம். அவனுக்கு நிம்மதி வந்தது. "அட, இது நான் இல்ல வஸீலா! இது பாட். நான் எழுதின புரோகிராம். அதுவாவே போடும்."

"எது அதுவாவே போடும்?"

"நன்றி. எல்லா நன்றியும்."

வஸீலா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இதப் போய் எங்கப்பாகிட்ட நீயே சொல்லு. நேர்ல சொல்லு. எனக்கு வாய் கூசுது" என்றாள்.

மூன்றாம் நாள், ஹாஜ் வீட்டுத் தெருவில் துக்கத்துக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் குருவிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஃபாத்திஹ் உள்ளே வந்ததும் கறிக்கடை பூஜெம்ஆ எழுந்துவிட்டான்.

"வந்துட்டாருய்யா, அடுத்ததை எதிர்பார்க்கிறவரு! யா ஹாஜ், சொல்லுங்க, தோளோட தூக்கி வெளிய வெச்சிடுறேன்."

"உக்காரு பூஜெம்ஆ. சாவு வீட்டுல யாரையும் வெளிய வைக்கிறதில்ல" என்றார் ஹாஜ். ஃபாத்திஹைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "மவனே, கை தவறிடுச்சா? வேற யாருக்கோ எழுதினது இங்க விழுந்துடுச்சா? சொல்லு, நான் நம்புறேன்."

மனிதர் கதவைத் திறந்து வைத்துவிட்டு வழியும் விட்டார். கழுதைக்குக்கூட வழி தெரிந்திருக்கும். ஃபாத்திஹ் பொய் சொல்ல விரும்பாதவன் அல்ல. ஆனால் தான் கை தவறியவன் என்று நாலு குருவிக்காரர்கள் நினைப்பதை அவன் கர்வம் தாங்கவில்லை. போனை எடுத்தான். பாட் எப்படி மன்றத்தைப் பார்க்கிறது, எப்படித் திரையைக் கண்டுபிடிக்கிறது, எப்படி வாக்கியம் தேர்ந்தெடுக்கிறது என்று ஹாஜுக்குப் பாடம் எடுத்தான். காபி ஆறியது. முடிவில், "ஒரு வருசமா ஒரு தடவகூட நிக்கல, யா ஹாஜ்" என்றான், கைதட்டலுக்கு இடம் விடுகிறவன்போல.

ஹாஜ் மெதுவாகக் கேட்டார். "என் குருவி உடம்பு சரியில்லாம கெடந்து, மறுபடி பாடினப்போ... நீ எழுதினியே?"

"அது பாட்."

"பெருநாள் அன்னிக்கு?"

"அதுவும்தான்."

அழுவதற்கு எவ்வளவோ காரணம் இருந்த வீட்டில், ஹாஜ் அப்போதுதான் கைக்குட்டையை எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என் பொண்ணு உன் மேல ஆசை வெச்சிருக்கா. அதனால கேக்குறேன். நாப்பதாம் நாளுக்குள்ள என் அண்ணனுக்காக ஒரே ஒரு வரி எழுது. உன் கையால. தப்பும் தவறுமா இருந்தாலும் பரவால்ல. அது வந்தா கல்யாணம். வரலன்னா உங்க கூடை உங்க வீட்டுக்கு வரும்."

இதைவிட மலிவாக எந்த ஊரில் பெண் கிடைக்கும்? ஒரு வரி! எழுத்தறிவு இயக்கத்தில் சேர்ந்த கிழவிகூட எழுதிவிட்டு காபி குடிக்கப் போயிருப்பாள். ஃபாத்திஹ் பட்டதாரியாயிற்றே. அவன் வீட்டுக்குப் போய்ச் சிக்கலை ஆராய்ந்தான். ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தான். பாட் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் ஒன்றாகப் பார்க்கிறது. இதுதான் பிழை. இதைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரி.

அலுவலகத்தில் பிரிண்டர்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவன் நாள் தவறாமல் உட்கார்ந்து, 'மரணம்', 'மறைவு', 'இறைவனிடம் சேர்ந்தார்' என்ற சொற்களையெல்லாம் அந்த நிரலுக்குக் கற்றுக்கொடுத்தான். அவற்றைக் கண்டால் சொல்ல ஒரு இரங்கல் வாக்கியமும் எழுதினான். நன்றாகவே எழுதினான், அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஸோஹ்ரா தினமும் கேட்டாள்:

"அந்த ஒரு வரிய எழுதிட்டியா?"

"அதத்தான் செஞ்சிட்டிருக்கேன், யம்மா."

நாற்பதாம் நாளுக்கு முந்தைய நாள், ஹாஜ் மன்றத்தில் எல்லாரையும் சாப்பாட்டுக்கு அழைத்தார். அண்ணனின் மறைவை மறுபடி ஒரு வரியில் சொல்லியிருந்தார். உடனே கீழே ஃபாத்திஹ் பெயரில் வந்தது:

'இறைவன் அந்த மண்ணறையை விசாலமாக்கட்டும். அந்தக் குரல் சொர்க்கத்துத் தோட்டத்தில் ஒலிக்கட்டும். பிரிவைத் தாங்கும் நெஞ்சுக்கு அவனே பொறுமை தரட்டும்.'

ஹாஜ் அதை வஸீலாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பிறகு தாமே படித்தார். 'அந்தக் குரல்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். சாலிஹ் சீட்டியடித்த பதிவைப் பையன் கேட்டிருக்கிறான்! கேட்காதவனுக்கு அந்தச் சொல் எப்படி வரும்?

மறுநாள் ஃபாத்திஹையும் அவன் அம்மாவையும் வாசலிலேயே நின்று வரவேற்றார். பையனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். "கேட்டத எழுதிட்டடா மவனே. கேட்டதுக்கு மேலயே எழுதிட்ட." ஸோஹ்ரா முக்காட்டுத் துணியால் கண்ணைத் துடைத்தாள். உள்ளே பெண்கள் பக்கம் போகும்போது வஸீலா திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஃபாத்திஹ் வாயைத் திறக்கவில்லை. இதையெல்லாம் விளக்கினால் இவர்களுக்குப் புரியாது என்று அன்றைக்கு மட்டும் அவனுக்கு நல்ல புத்தி வந்தது.

குஸ்குஸ் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பூஜெம்ஆ ஃபாத்திஹுக்கு எதிரே உட்கார்ந்து, ஆட்டுக்கறியில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளினான்.

"நானும் அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத தம்பி. யா ஹாஜ், இவன் நல்ல பையன்தான். போன வாரம் என் சுல்தான் செத்துப்போச்சு இல்ல? நானும் அழுதுகிட்டே மன்றத்துல போட்டேன். ஒரு பய எட்டிப் பாக்கல. இந்தப் பையன் எழுதினான் பாருங்க..." என்று எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். "'இறைவன் அந்த மண்ணறையை விசாலமாக்கட்டும். அந்தக் குரல் சொர்க்கத்துத் தோட்டத்தில்...'"

பூஜெம்ஆ படித்துக்கொண்டே போனான். சுற்றியிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டதைக் கவனிக்கவில்லை.

ஹாஜ் கையை நீட்டிப் போனை வாங்கினார். தம் போனையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் பார்த்தார். சுல்தான் என்பது பூஜெம்ஆவின் குருவி.

"மவனே" என்றார், மிகவும் மெதுவாக. "இதுல எது என் அண்ணனுக்கு?"

அப்போதும் ஒரு வழி இருந்தது. குனிந்திருக்கலாம். வாயில் சோறாவது இருந்திருக்கலாம். ஃபாத்திஹ் நிமிர்ந்தான்.

"ரெண்டுக்கும் பொருந்துற மாதிரிதான் எழுதினேன், யா ஹாஜ். அதான் 'அவர்'னு போடாம 'அந்த'ன்னு போட்டது. அந்த புரோகிராமுக்கு இன்னும் மனுசன் எது, குருவி எதுன்னு தெரியல. ஒரு வாரம் குடுங்க, தனித்தனியாப் பிரிச்சிடுறேன்."

பூஜெம்ஆ தள்ளிய கறித்துண்டைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டான்.

ஹாஜ் இரண்டு போன்களையும் அணைத்துவிட்டு, தாம்பாளத்தைக் காட்டி, "சாப்பிடுங்க, ஸெர்தூமி. ஆறிடும்" என்றார். வழிப்போக்கனிடம் பேசுகிற மரியாதை அது. ஃபாத்திஹ் அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டு வயிறார உண்டான்.

வெளியே வந்தபோது ஸோஹ்ரா கூடையோடு நின்றாள். துணி, அத்தர் எல்லாம் பிரிக்காமல் இருந்தன. மேலே மோதிரம் ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தது. இருவரும் மேட்டுத் தெருவில் ஏறினார்கள்.

"பூஜெம்ஆவாலதான் யம்மா. குருவி செத்ததுக்கு எவனாவது மனுசன் செத்த மாதிரி எழுதுவானா? படிக்காத பய."

ஸோஹ்ரா நடந்துகொண்டே சொன்னாள்: "மோதிரத்தக் கழட்டும்போது அந்தப் பொண்ணு என்னக் கேட்டா. 'ஒரு வரி எழுத எவ்ளோ நேரம் ஆகும், மாமி?'ன்னு. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மான்னு சொல்லிட்டு வந்தேன்."

"ஒரு வரியா? இந்த நாப்பது நாள்ல நான் எழுதினது எண்ணூறு வரி, யம்மா! எல்லாம் புரோகிராம். அதெல்லாம் அவளுக்கு எங்க புரியும்?"

ஸோஹ்ரா நின்றாள். கூடையை அவன் கையில் திணித்தாள்.

"அந்த எண்ணூறையே கட்டிக்க. இந்தா, மோதிரம் இதுலதான் இருக்கு."

முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, அவனுக்காகக் காத்திராமல் மேட்டில் ஏறிப் போனாள்.