டாக்டர் படகின் கக்கூஸ் பம்பு

மூன்று மணி நேரத்தில் கடலுக்குப் பழகிவிட்டேன் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். காலையில் படகில் ஏறியதும் தலை சுற்றியது, வயிற்றைப் புரட்டியது. மதியம் ஒன்றுமே இல்லை. வீட்டுக் கூடத்தில் நிற்பது மாதிரி நின்று வேலை செய்தேன். 'பரவாயில்லையே, நமக்குள்ள ஒரு மாலுமி இருந்திருக்கான்' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மாலுமியின் கதை இது. பம்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

போனிலேயே கண்டுபிடித்த பழுது

நான் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகியவன். ஆற்றுப் பம்பு, தொழிலாளர் லயத்துத் தண்ணீர் டாங்கி பம்பு என்று பதினெட்டு வருஷம். தோட்டம் கைமாறிய பிறகு கோலா சிலாங்கூரில் சொந்தமாக ரிப்பேர் கடை போட்டேன். படகில் கால் வைத்ததே கிடையாது.

ஒருநாள் ரவாங்கிலிருந்து போன். பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். பழைய உல்லாசப் படகு, மோட்டார் யாட் ஒன்றை வாங்கி, கடலோடு கலக்கும் எங்கள் ஊர் ஆற்றங்கரையில் கட்டி வைத்திருந்தார்.

"தம்பி, டொய்லெட் பம்பு ஒரு நாள் ஓடுது, ஒரு நாள் ஓடுதில்லை. சனிக்கிழமை மனிசி வாறா. தானே பட்டனை அமத்திப் பாக்கப் போறாவாம். சரிவரேல்லை எண்டால் படகை விக்கச் சொல்லிப்போட்டா."

"ஏன் டாக்டர் அவ்வளவு கோபம்?"

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒருக்கா வந்தவ. அமத்தினா, கோப்பையுக்குள்ள மண்ணிறமா ஏதோ மேல வந்திட்டுது. அண்டைக்கு இறங்கினவதான்."

ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது என்றால் என்ன? லூஸ் கான்டாக்ட். இது தெரியாதா எனக்கு? "கவலைய விடுங்க டாக்டர், அரை மணி நேர வேலை லா" என்றேன். படகைப் பார்க்காமலேயே.

பத்துத் துண்டு

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். டாக்டர் சாவியைக் கரைக் கடையில் கொடுத்து வைத்திருந்தார். மீன்படகு ஒவ்வொன்றும் கடந்து போகும்போது யாட் ஊஞ்சலாடியது. பையிலிருந்து உப்புப் போட்ட புளிப்புப் பழம் ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு கக்கூசுக்குள் நுழைந்தேன்.

அமைப்பு எளிதுதான். படகின் அடியில் ஒரு ஓட்டை. அது வழியாக ஒரு சின்னப் பம்பு ஆற்றுத் தண்ணீரை இழுத்துக் கோப்பையைக் கழுவும். இன்னொரு மோட்டார் கழிவை அரைத்து டாங்கிக்கு அனுப்பும். பட்டனை அமுக்கினேன். தண்ணீர் ஜோராக வந்தது. மறுபடியும் அமுக்கினேன். வந்தது.

அறிவுள்ளவன் அங்கேயே கையைக் கழுவிவிட்டு டாக்டருக்காகக் காத்திருப்பான். எனக்குத்தான் போனிலேயே பழுது தெரிந்துவிட்டதே. தண்ணீர்ப் பம்பைக் கழற்றினேன். வயர் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது, சுரண்டினேன். தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம், இம்பெல்லர், லேசாகத் தேய்ந்திருந்தது. புதுசு போட எடுத்து வைத்தேன். தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரைத் திறந்தால் கைப்பிடிச் சேறு. 'ஆற்றுத் தண்ணி அப்படித்தான்' என்று கழுவிவிட்டேன். பத்து மணிக்கு டாக்டரும் அவர் மனைவி ஆன்ட்டியும் வந்தபோது பம்பு பத்துத் துண்டாகக் கிடந்தது.

ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். "எப்ப முடியும்?"

"இதோ, ஆச்சு ஆன்ட்டி."

அந்த 'இதோ' ஒரு மணி வரை நீண்டது. அவர்கள் பின்தளத்தில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. காலையில் அதைப் பார்த்திருந்தால் வாந்தி எடுத்திருப்பேன். இப்போது நாலு இடியப்பம் இறங்கியது. மாலுமி அல்லவா.

மூடி மேல் உட்கார்ந்த மாலுமி

எல்லாவற்றையும் பூட்டி, பட்டனை அமுக்கினேன். மோட்டார் உறுமியது, இருமியது. கோப்பைக்குள் மண்ணிறமாக, கெட்டியாக ஒன்று எழும்பி வந்தது.

என் உயிர் போய்விட்டது. பம்பு தலைகீழாகச் சுற்றிக் கழிவு டாங்கியிலிருந்து இழுக்கிறது என்று முடிவு கட்டினேன். தோட்டத்தில் மூணு பேஸ் மோட்டார் திருப்பிச் சுற்றினால் இரண்டு வயரை இடம் மாற்றிப் போடுவோம், சரியாகிவிடும். இங்கேயும் மாற்றிப் போட்டேன். சத்தம் மாறியது, வந்தது போகவில்லை. மறுபடி மாற்றினேன், அமுக்கினேன். இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு ஃபியூஸ் போனது.

மூடியைச் சாத்தி அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். வேறு யோசனை தோன்றவில்லை. நாற்பத்தைந்து வயது, கையில் மல்டிமீட்டர், நெற்றியெல்லாம் வியர்வை.

கதவு தட்டப்பட்டது. "உள்ளுக்கு என்ன செய்யிறீர்?"

"டெஸ்ட் பண்றேன் ஆன்ட்டி!"

"உம்மைக் கூப்பிட்டது திருத்த. பாவிக்க இல்லை. கதவைத் திறவும்."

திறந்தேன். அவர் நேராக வந்து மூடியைத் தூக்கினார். "இதேதான்! இதே நிறம்! இஞ்சை வாங்கோ, நான் சொன்னனான் எல்லே?"

டாக்டர் வந்து பார்த்தார். வாசல் பக்கத்துக் கைப்பிடி மரத்தை உள்ளங்கையால் ஒருதடவை மெதுவாகத் தடவினார். அதற்கு அவரே வார்னிஷ் அடித்தாராம், பிறகு சொன்னார்கள். எனக்கு அந்த நிமிஷம் ஆற்றில் குதிக்கலாம் போல இருந்தது. குதித்திருந்தால் விஷயம் அப்போதே தெரிந்திருக்கும்.

ஆன்ட்டி மூக்கைச் சுருக்கினார். பிறகு குனிந்து முகர்ந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இது மணக்கேல்லையே."

"என்ன ஆன்ட்டி?"

"நான் முப்பது வருஷம் நர்ஸ். பெட்பேன் தூக்கின கை இது. இது அது இல்லை, தம்பி. இது வெறும் சேறு."

சேறு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கரைப்பக்கத்துச் சின்ன ஜன்னலின் திரையை விலக்கினார்.

"இஞ்ச வாரும். அந்தக் கொக்கைப் பாரும்."

பார்த்தேன். படகை ஒட்டி ஒரு வெள்ளைக் கொக்கு நின்றது.

"என்ன செய்யுது?"

"நடக்குது ஆன்ட்டி."

"படகு மிதக்கிற இடத்தில கொக்கு எப்பிடி நடக்கும்?"

முதலில் சிரித்தது ஆன்ட்டிதான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் பாவம், "சேத்தை நான் எத்தனை தரம் பாத்தனான்! பம்பை யோசிக்கேல்லையே" என்றார். அவர் படகை ஓட்டிப் போவதெல்லாம் கடல் பொங்கி ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில். அப்போது பம்பு ஓடும். கழுவித் துடைக்க வருவது தண்ணீர் வற்றிய நேரத்தில், அப்போது அடி ஓட்டைக்கு எட்டுவது சேறுதான், பம்பு ஓடாது.

புது இம்பெல்லரும் சேறு தின்று கிழிந்திருந்தது. இன்னொன்று போட்டேன், ஃபியூஸை மாற்றினேன், தண்ணீருக்காகக் காத்திருந்தோம். ஆன்ட்டி கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஆறு மணிக்கு எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. "ஆன்ட்டி, இப்ப அமுக்குங்க" என்றேன். அமுக்கினார். சுத்தமான தண்ணீர் வந்தது. 'சுத்தம்' என்றால் எங்கள் ஆற்றின் அளவுக்கு.

படகு விற்கப்படவில்லை. கட்டும் இடத்தை மட்டும் ஆழமான பக்கமாக மாற்றினார்கள். அதற்குப் பிறகு நாலு வருஷம், சனிக்கிழமை தவறாமல் வந்தார்கள். கக்கூஸ் கதவில் ஆன்ட்டி தன் கையால் தண்ணீர் ஏறி இறங்கும் நேரம் எழுதி ஒட்டியிருந்தார். அடியில் ஒரு கொக்குப் படம். இப்போது இருவரும் கடல் கடந்து பெர்த் நகரில் மகளோடு இருக்கிறார்கள். அந்தக் கரைப் பக்கம் பம்பு வேலைக்குப் போனால் இன்றும் என் கண் முதலில் கொக்கைத்தான் தேடும்.

எந்தப் பம்பையும் திறப்பதற்கு முன்னால் அது இழுக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. அன்று பம்பில் பழுது எதுவும் இல்லை. எனக்குத் தலைசுற்றல் நின்றதும் கடலுக்குப் பழகியதால் அல்ல. படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது.