முன்சீட்டுக்காரி

பள்ளி வேன் ஓட்டும் அவரை எல்லாரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிளுக்குக்கூட ஒதுங்கி வழிவிடுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவருக்குப் பிறந்த ஒரே மகளோ சரியான அவசரக்குடுக்கை. கோடை முடிகிற சமயத்தில், டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே வந்து குதித்தவள். இன்னும் சில நாள் பொறுத்திருந்தால் பள்ளிக்கூடத்துக் கணக்கில் அடுத்த வருஷத்துப் பிள்ளையாகியிருப்பாள். இப்போது சேர்ப்பதா, ஒரு வருஷம் பொறுப்பதா என்று பெற்றவர்களே முடிவு செய்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றுவிட்டார் தலைமையாசிரியை.

வீட்டில் எப்போதும் அதே பேச்சுதான்.

"வாயைத் திறந்தா உங்களையும் என்னையும் வித்துட்டு வந்துடுவா. அவளைப் போய் சின்னப்பிள்ளைங்கிறீங்க" என்றாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி.

"பேசுனா ஆச்சா? இன்னும் செருப்பைக் கால் மாத்தித்தான் போடுறா."

"நீங்க ஓட்டுற வேகத்துக்கு, இப்பக் கிளம்பினாத்தான் அடுத்த வருஷம் போய்ச் சேருவா."

அவரும் சிரித்துவிட்டார். ஆனால் மனசு ஒப்பவில்லை. வகுப்பிலேயே வயது குறைந்த பிள்ளைகள் படும் பாட்டை அவர் தினமும் பார்க்கிறவர். மாலையில் வேன் ஏறியதுமே வாயைப் பிளந்து தூங்கிவிடும். பெரியதுகள் அவற்றின் காலைத் தாண்டி இறங்கிப் போகும். தன் மகளும் அப்படிக் கிடப்பாளோ என்றே அவர் நினைப்பு ஓடியது.

வியாழக்கிழமை மனைவிக்குக் காலை ஷிப்ட். மகளை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கும்போது ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணுவது அவர் வழக்கம். எண்ணி முடித்ததும் பின்சீட்டுகளுக்கு அடியில் குனிந்து, எதுவாவது தூங்கிக் கிடக்கிறதா என்றும் பார்ப்பார். அன்றும் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. நிம்மதியாக வண்டியை எடுத்தார்.

முதல் திருப்பத்தில் "என்னடா, சத்தத்தையே காணோம்?" என்று பக்கத்தில் திரும்பினார். முன்சீட்டுக்குக் கீழே அவள் செருப்பு மட்டும் கிடந்தது.

ஆமை அன்றைக்குத்தான் பறந்தது. தெருவில் நின்றவர்கள் யாரோ வேனைத் திருடிக்கொண்டு ஓடுகிறான் என்றே நினைத்தார்கள்.

சின்ன வகுப்பில், பாயின் கடைசியில், வெறுங்காலோடு கைகட்டி உட்கார்ந்திருந்தாள் மகள்.

"புதுசா சேத்திருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார் டீச்சர். "கேட்டதுக்கெல்லாம் டாண் டாண்ணு பதில் சொல்றா. கொஞ்சம்கூட அழல."

அப்பாவைக் கண்டதும்தான் உதடு பிதுங்கியது. ஓடி வந்து அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

டீச்சர் சொன்னது தன் கட்சிக்கு விரோதமாக இருந்தாலும், சாயங்காலம் மனைவியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

"ஊரான் பிள்ளையெல்லாம் பத்திரம். பெத்த பிள்ளையை விட்டுட்டு வந்திருக்கீங்க" என்று முதலில் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு அவள், "சமத்தா இருந்தாளாமே? அப்போ நாளைக்கே சேத்துடலாம்" என்று சொல்லி, மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். "ஏண்டி கண்ணு, ஸ்கூலுக்குப் போகணும்னுதானே இறங்குனே?"

மகள் இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்பா எல்லார் தலையையும் தொட்டு எண்ணுனாங்க. நானும் இறங்கிக் கடைசில போய் நின்னேன். அப்பா வேனுக்குள்ள குனிஞ்சு பாக்கப் போயிட்டாங்க. என்னை எண்ணவே இல்ல."

மனைவி மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த வருஷமே போகட்டும்ங்க" என்றாள் கடைசியில். "பள்ளிக்கூடம் எங்க ஓடிடப் போகுது? காலைல உங்ககூட வேன்ல வரட்டும்."

அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் நடந்தது. பிள்ளைகளெல்லாம் உள்ளே போன பிறகு அவர் சுற்றிவந்து முன்கதவைத் திறப்பார். கால் மாற்றிப் போட்ட செருப்போடு உட்கார்ந்திருப்பவள் தலையை நீட்டுவாள். அவர் தொட்டு எண்ணுவார்.

"சரி, இப்பப் போலாம்" என்பாள்.