டயர் மேல் படர்ந்த செடி

திருச்செல்வம் என் சின்னம்மாவின் மூத்த மகன். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்ந்தவன். கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான், கமலநாதன். தெலுக் பங்லிமா காராங்கில் அவனுக்குத் தொழிற்சாலை வேலை. வீட்டுக்குப் பின்னால் வரிசை வரிசையாக டிராகன் பழச் செடி.

திருச்செல்வத்தின் மகள் வாணிக்குக் கல்யாணம் நடந்தபோதுதான் இருவருக்கும் பேச்சு நின்றது. அழைப்பிதழில் சித்தப்பா பெயர் இல்லை. அச்சுக்குக் கொடுக்கும்போது விட்டுப்போச்சு என்றான் திருச்செல்வம். ஆனால் அவன் மனைவி புஷ்பவல்லியின் அண்ணன் தம்பிகள் பெயரில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. கமலநாதன் கல்யாணத்துக்கு வந்தான், மொய் எழுதினான், பந்தியில் உட்காராமல் போய்விட்டான்.

பல வருஷம் கழித்து சின்னம்மாவின் திவசத்தன்று அவனே முதலில் இறங்கி வந்தான். காரின் பின்னால் சாக்கு நிறைய டிராகன் தண்டுகள்.

"என்னடா, முள்ளுச் செடியத் தூக்கிட்டு வந்திருக்க?"

"உங்க வாய விட இதுல முள்ளு கம்மிதாண்ணே."

புஷ்பவல்லி சிரித்துவிட்டாள். திருச்செல்வமும் சிரித்தான். அண்ணனும் தம்பியும் வாசலில் சிமெண்டுக் கம்பம் நட்டு, அதன் தலையில் பழைய லோரி டயர் ஒன்றை மாட்டி, தண்டுகளைத் துணியால் கட்டினார்கள். ஏறிப் போகிற கொடி டயரில் சாய்ந்து குடை மாதிரி தொங்குமாம்.

புறப்படும்போது கமலநாதன் சொன்னான்: "மொதப் பழம் பழுத்தா கூப்பிடுங்கண்ணே. ரெண்டு பேரும் சேந்து வெட்டித் திங்கலாம். தனியாத் தின்னுறாதீங்க லா."

அதன்பிறகு வாரம் தவறாமல் போன் வந்தது. எறும்பு ஏறுதா, புதுத் தளிர் விட்டுதா என்று செடியில் தொடங்குகிற பேச்சு, அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பு வரைக்கும் போய் நிற்கும்.

ஒருவழியாக மூன்று பழம் சிவந்தது. திருச்செல்வம் கூப்பிட்டான். வேலை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான் தம்பி. வெள்ளிக்கிழமை மைனா ஒன்று ஒரு பழத்தைக் கொத்திவிட்டது. வீணாகிறதே என்று திருச்செல்வம் அதை அறுத்து, கொத்தின இடத்தைச் செதுக்கிவிட்டு, மிச்சத்தைக் கரண்டியால் வழித்துத் தின்றான். உள்ளே பீட்ரூட் நிறம். பனியனெல்லாம் கறை. புஷ்பவல்லி விரதம், எச்சில் பழத்தைத் தொடவில்லை. தம்பிக்குத்தான் இன்னும் இரண்டு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கழிவறைக்குப் போனான். சிறுநீர் சிவப்பாகப் போகிறது. எங்கள் சித்தப்பா, அதாவது இவர்கள் அப்பா, இப்படி ரத்தம் போய்ச் சிறுநீரகம் கெட்டுத்தான் இறந்தார். திருச்செல்வத்துக்கு இனிப்புநீர் வியாதி வேறு. பயத்தில் புத்தி எங்கெங்கோ ஓடியது. தான் செய்தது தனக்குத் தெரியுமல்லவா, அந்த அழைப்பிதழில் போய் நின்றது. போனை எடுத்தான்.

"என்னடா மருந்து அடிச்சுக் குடுத்த அந்தச் செடில? ரத்தமா போகுதுடா எனக்கு! கார்டுல பேர் போடலன்னு இத்தன வருஷம் மனசுல வெச்சிருந்து, என்னைய அனுப்பப் பாக்குறியா?"

போனை வைத்துவிட்டு, பாராங் கத்தியால் செடியை அடியோடு வெட்டிப் போட்டான். புஷ்பவல்லி தடுத்தும் கேட்கவில்லை. பிறகுதான் கிளினிக்குக்குப் போனார்கள்.

டாக்டர் பெண் நம் தமிழ்ப் பிள்ளைதான். சோதித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள். சொன்னான். தம்பி கொடுத்த செடியில் மருந்தோ என்ற சந்தேகத்தையும் சேர்த்தே சொன்னான். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "செவப்பு டிராகன் பழமா? அது பழத்தோட சாயம் அங்கிள், ரத்தம் இல்ல. செடிய ஒண்ணும் பண்ணலயே?"



அன்றைக்கே, வெட்டிப்போட்ட கொடியிலிருந்து மிச்சப் பழம் இரண்டையும் பறித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனான். கமலநாதன் நாற்காலி போட்டான். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். அவன் மனைவி உஷாராணி தண்ணீர் கொண்டுவந்தாள். அண்ணன் கை நீட்டுமுன் கமலநாதன் டம்ளரை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட பயமா இருக்குண்ணே. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். கொண்டுபோன பழங்கள் அப்படியே திரும்பி வந்தன.

வெட்டினதில் ஒரு துண்டு சாக்கடை ஓரம் கிடந்து வேர் விட்டிருந்தது. திருச்செல்வம் அதை எடுத்து அதே கம்பத்தடியில் ஊன்றினான். இப்போது டயர் தெரியாமல் படர்ந்திருக்கிறது. ஒவ்வொரு பழம் சிவக்கும்போதும் போன் போடுகிறான். "வேல இருக்குண்ணே, பாக்குறேன்," என்று பதில் வரும். அவ்வளவுதான்.

போன வாரம் திருச்செல்வம் வீட்டுக்குப் போயிருந்தேன். பழம் பழுத்து வெடித்து, மைனாக்கள் தின்றுகொண்டிருந்தன. டயரிலும் சிமெண்டிலும் சிவப்பாக வழிந்திருந்தது.

"நீங்களாச்சும் சொல்லுங்கக்கா," என்றாள் புஷ்பவல்லி. "தானும் திங்கிறதில்ல, என்னையும் பறிக்க விடுறதில்ல."

திருச்செல்வம் வாசலில் உட்கார்ந்து கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பக்கம் இன்னொண்ணு செவந்துக்கிட்டு வருதுக்கா," என்றான். "அதுக்குள்ள வந்துருவான்."